வெற்றிலைக் கழிவு

நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாகத் தின்றது பனங்கிழங்கு. பொங்கல் முடிந்த வாரம். அவித்த கிழங்கு மஞ்சள் வாசத்தோடு சுளகில் கிடந்தது. அவர் ஒவ்வொன்றாக ஒடித்து, நாரை உரித்து, நடுவிலிருந்த குருத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இடப்பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார்.

"வலப்பக்கத்துக்கு லீவு விட்டாச்சோ?" என்றேன்.

"நாரு போயி மாட்டிக்கிடும்லா. ஒனக்கென்னட்டி, குருத்தாத் திங்கே."

அந்தச் சுளகை அன்று சாயங்காலம் எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாதாரணமாக எதுவும் நடக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சிவனணைந்தபெருமாள். ஊருக்கு அவர் மைக் அணைஞ்சான். ஆட்டோவில் மைக் குழாய் கட்டிக்கொண்டு கோயில் கொடைத் திருவிழா, குடிதண்ணீர் வராத நாள், சாவு, எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னவர். தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். கொடிக்கால் வெற்றிலைதான் பிழைப்பு. ஆணும் பெண்ணும் வெற்றிலை போடுவோம். சாறு சிந்தாமல் இருக்க மோவாயைத் தூக்கி, உதட்டைக் குவித்து, அண்ணாந்தபடிதான் ஊரில் பாதிப் பேச்சு நடக்கும்.

அவர் மட்டும் நிறுத்தியிருந்தார். அவருக்காக நானும் வீட்டில் வெற்றிலை வைத்துக்கொள்வதில்லை. என் மாமனார் கன்னத்தில் புற்று வைத்துச் செத்தார். தலைதிவசத்தன்று என் வீட்டுக்காரரின் அக்கா பிரமு முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினாள். தாயில்லாத தம்பியை வளர்த்தவள். அவர் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, இனி வெற்றிலையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். கை பொத்துப்போய்விட்டது. இரண்டு வருடமாகத் தொடவில்லை. அவருடைய பித்தளைக் கரண்டகம், சுண்ணாம்பு வைத்திருக்கும் சிறிய டப்பா, சாமி படத்துக்குக் கீழே இருந்த தட்டில் வைத்தபடியே இருந்தது.

மார்கழியில் அவருக்குப் பல்வலி. வலது கீழ்க் கடைவாய்ப்பல். பச்சைத் தண்ணீர் பட்டால் துள்ளுவார். பிறகு சுடுதண்ணீருக்கும் துள்ளினார். பல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல இருக்கிறது, மென்றால் அதுதான் முதலில் இடிக்கிறது என்றார். ஈறில் பாசிப்பயறு அளவுக்கு ஒரு கொப்புளம் வந்தது. ஒரு நாள் அது உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது, துப்பினார்.

"வலி விட்டுட்டுட்டி! பல்லு இருக்கதே தெரியல," என்று அன்றைக்குச் சந்தோஷமாகச் சொன்னார்.

பல்லுக்குள் நரம்பு செத்தால் வலி நிற்கும், சீழ் நிற்காது என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. அதற்குத்தான் சுவரில் செவி இருந்ததே.

செவி என்கிற அந்தக் கருவி வந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வீடு, எவர்சில்வர் தூக்குவாளி மூடி அளவில், வெள்ளையாக, சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். தினமும் காலையில் வீட்டில் உள்ளவர்கள் அதன் முன்னால் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். "மழை வருமுன் வழியெல்லாம் நிழல்." எங்கள் ஊரில் எல்லோரும் மளை, வளி, நிளல் என்றுதான் சொல்வோம், அதைச் செவி பழகிக்கொண்டது. மனிதக் குரலுக்குள் நெஞ்சுச் சளி, இதயக் கோளாறு, தொண்டை, தாடை எல்லாம் கேட்கும் என்றார்கள். கேட்கவும் செய்தது. எதிர்வீட்டு வாத்தியாருக்கு நுரையீரலில் நீர் கோத்திருந்ததை அவருக்கு இருமல் வருவதற்கு முன்பே சொன்னது. பச்சை எரிந்தால் நலம். சிவப்பு எரிந்தால் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே விடுவார்கள். பச்சையோடு போனால் பொது வரிசை.

செவி வந்த பிறகு ஒருவர் வாயை ஒருவர் பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். நாக்கை நீட்டு என்று பிள்ளைகளைச் சொல்வதுகூட நின்றுவிட்டது.

கிழங்கு தின்ற மறுநாள் காலையில் அவர் முகம் கீழ்ப்பக்கம் பருத்திருந்தது. ஒரு கன்னம் வீங்கியிருந்தால் பல் என்று நினைத்திருப்பேன். இது தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும், கழுத்தோடு சேர்த்துக் கொழுகொழுவென்று இருந்தது. செவி முன்னால் போய் நின்றார். மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் பேச முடிந்தது.

"மளை வருமுன் வளியெல்லாம் நிளல்."

உருளைக்கிழங்கைச் சூட்டோடு வாயில் போட்டுக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. பச்சை எரிந்தது.

"வெற்றிலை வாய். மற்றபடி நலம்," என்றது செவி.

பிரமு மதினி அந்த நேரத்தில்தான் பின்வாசல் வழியாக உறைமோர் வாங்க வந்தாள். அடுத்த வீடு. கிண்ணத்தை அடுப்பங்கரைத் திட்டில் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏல அணைஞ்சா. என்னல சொல்லுது அது?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"வாயத் தொற, பாப்போம்."

அவர் முயன்றார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளிதான் வந்தது. நெற்றியில் வேர்த்தது.

"தொறக்க மாட்டேங்கான், பாத்தியா உலகு," என்றாள் மதினி என்னிடம். "செவந்திருக்கத நான் பாத்துருவேன்னுதான். ரெண்டு வருசம்! கற்பூரம் அணைச்ச கைல இது!"

"தொறக்க முடியல மதினி. காய்ச்சல் வேற அடிக்கி."

"நீ சும்மா கெட. அண்ணாந்து பேசுதவன் எதுக்குப் பேசுதான்னு எனக்குத் தெரியாதோ? எங்கப்பாவோட முப்பது வருசம் இருந்தவ நான்."

கிண்ணத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவள். எழுதிக் கையெழுத்தான வாக்கியத்தைக்கூட ஒரு தடவை சந்தேகப்பட்டுவிட்டுத்தான் கீழே வைப்பேன். அன்றைக்கும் சந்தேகப்பட்டேன். அவரை அல்ல. அவர் தலையணை நனைந்திருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டிருந்தார். அந்த ஈரத்தில் சிவப்பு இல்லை. வாய் கழுவும் தொட்டியிலும் இல்லை. வாயில் நாற்றம் இருந்தது, ஆனால் அது வெற்றிலை நாற்றம் இல்லை. செத்த எலி கிடக்கும் மூலையின் நாற்றம். தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். சதையைத் தொட்டதுபோல இல்லை, அம்மிக் கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

எதிர்வீட்டில் ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு செவி முன்னால் நின்று வாக்கியத்தைச் சொன்னேன்.

"வெற்றிலை வாய். மற்றபடி நலம்."

வாயைக் கொப்பளித்து, வெள்ளையாகத் தண்ணீர் வரும்வரை துப்பினேன். பிறகு மீந்திருந்த பனங்கிழங்கில் ஒரு துண்டை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.

"வெற்றிலை வாய். மற்றபடி நலம்."

நாக்கை எது தூக்கினாலும் அதற்கு வெற்றிலைதான். துண்டைத் துப்பிவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன். அவருடைய ஆட்டோவையே எதிர்வீட்டு வாத்தியார் மகன் ஓட்டினான். மேலே மைக் குழாய் கட்டியிருந்ததால் ஏதோ அறிவிப்பு என்று தெருவில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு செவி உண்டு. அதன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தவர் பச்சையைப் பார்த்தார்.

"வெத்தலயத் துப்பிட்டு வாங்கண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குள்ள போடப்படாது."

"அவ்வொ வெத்தல போடல. பல்லுல சீழு வச்சிருக்கு, பாருங்க, கழுத்து வரைக்கும் வீங்கியிருக்கு," என்றேன்.

"நான் பாத்து என்னம்மா செய்ய? அது பாத்துட்டுல்லா."

"அது பாக்கல. கேட்டுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான். பொது வரிசைல உக்காருங்க."

பெஞ்சில் உட்கார்ந்தோம். படுக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்பக்கம் குனிந்து, மோவாயை நீட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். வாயிலிருந்து வழிந்ததைத் துண்டில் ஏந்தினேன். வரிசையில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "காலங்காத்தாலயே கஞ்சா போல இருக்கு," என்றது எனக்குக் கேட்டது.

பல் டாக்டர் ஒருத்தி டீ வாங்குவதற்காக வெளியே வந்தாள். சின்ன வயதுப் பெண். மரிய சுகந்தி என்று சட்டையில் எழுதியிருந்தது. எங்களைத் தாண்டிப் போனவள் நின்று, திரும்பி, அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு அவர் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்தாள்.

"எப்பருந்து இப்படி?"

"வீக்கம் காலைலருந்து. பல்லு போன மாசம் வலிச்சுது. பொறவு விட்டுட்டு."

"கீழ்ப்பல்லா? கடைசிப் பல்லா?" அவள் அவர் உதட்டை விலக்கி டார்ச் அடித்தாள். "நாக்கு மேல வந்திருச்சு. யாரு இவங்களப் பொது வரிசைல ஒக்கார வச்சது?"

"செவி நலம்னு சொல்லிச்சு டாக்டர்," என்றார் நாற்காலிக்காரர்.

"அதுக்குக் காது மட்டுந்தான் இருக்கு. ஒங்களுக்குக் கண்ணு இருக்குல்லா? வேனை எடுக்கச் சொல்லுங்க!"

வேன் வருவதற்குள் என்னிடம் சொன்னாள். பல்லில் வைத்த சீழ் தாடைக்கு அடியில் இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் பரவி நாக்கைப் பின்னால் தள்ளுகிறது. இனி மூச்சு போகிற வழி அடைபடும். கழுத்தில் துளை போட்டுத்தான் மூச்சு விடவைக்க வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் உண்டு. "வாய் தொறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல, தாடைக்கடியில கல்லு மாதிரி. இதுல ஒண்ணு இருந்தாலே ஓடி வரணும்க்கா. மூணும் இருக்கு," என்றாள். அவளும் வேனில் ஏறிக்கொண்டாள்.

பாதி வழியில் அவர் என் கையைப் பிடித்தார். பேச முடியவில்லை. என் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் தன் கையை ஓங்கி அடித்து, அழுத்தி வைத்துக்கொண்டார். கற்பூரத்தை அணைப்பதுபோல. ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கை எழும்பவில்லை. டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் வேன் நின்றபோது அவள்தான் முதலில் அழுதாள்.

அவர் சாவை ஊருக்குச் சொல்ல வேறு ஊரிலிருந்து மைக் வந்தது. பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

துட்டி வீட்டில் மதினி என் தோளில் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "சத்தியத்த மீறுனான், முருகன் வாயக் கட்டிட்டான்! நான் வளத்த வாயி!"

அந்தச் சொல் ஊருக்குள் போய்விட்டது. வெற்றிலைக் கடை காசியிடம் கேட்டிருக்கிறார்கள். "எங்கிட்ட வாங்கல. ஏரலுக்கு மைக் கட்டப் போறப்ப வாங்கிருப்பானோ என்னமோ," என்று அவன் சொன்னானாம். அவரோடு மைக் கட்டப் போன பையனை மடக்கினார்கள். என்னிடம் நேராகக் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டே சாமி படத்துத் தட்டை, கட்டிலுக்கு அடியை, ஆட்டோ சீட்டின் கிழிசலைக் கண்ணால் துழாவினார்கள். செவி பொய் சொல்லுமா? வாத்தியார் நுரையீரலைச் சொன்ன செவிதானே.

உயிரை நான் திரும்பக் கேட்க முடியாது. அவர் சொல் மட்டும் என் உள்ளங்கையில் இருந்தது. அதை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

பதினாறு முடிந்த பிறகு நல்லொலி நிறுவனத்திலிருந்து ஒருவன் வந்தான். செவியைச் செய்கிறவர்கள். நாசரேத் பக்கத்துப் பையன், பெயர் ஜெபசிங். நல்ல மரியாதை. சுவரிலிருக்கும் செவியைக் கழற்றிக்கொண்டு புதியது மாட்டித் தருவதாகச் சொன்னான்.

"பழசுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லக்கா. பழைய மாடல்."

"எதிர்வீட்டுலயும் இதே மாடல்தான். அத மாத்தலியே?"

அவன் திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"எழுதிக் குடுக்காம எதையும் கழத்த விடமாட்டேன் தம்பி. எழுதுதது என் தொழிலு. எங்க வீட்டுக்காரர் கடைசியாச் சொன்னத எனக்குப் போட்டுக் காட்டு. பொறவு கழத்திட்டுப் போ."

வேறு வழியில்லாமல் கைக்கணினியை எடுத்தான். மதினி தன் வீட்டுப் பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், அவர் குரல் கேட்டதும் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மளை வருமுன் வளியெல்லாம். ஜெபசிங் திரையைப் பார்த்தான். முகம் மாறியது.

"என்ன தம்பி?"

"மொதல்ல செவப்புதான்க்கா வந்திருக்கு."

"எது?"

"தாடை, நாக்குக்கடி. உடனே ஆஸ்பத்திரின்னு வந்திருக்கு. பொறவு... கழிச்சிருக்கு."

"எதக் கழிச்சிருக்கு?"

"வெத்தலய."

மெதுவாகத்தான் சொன்னான். செவி வந்த புதிதில் வெற்றிலை ஊர்களில் பாதிப் பேருக்குச் சிவப்பு எரிந்தது. வெற்றிலை வாயும் சீழ் பிடித்த வாயும் அதற்கு ஒன்றுபோலக் கேட்டன. ஆஸ்பத்திரி தாங்கவில்லை. அதனால் வெற்றிலை போட்டவர்களின் குரலாகச் சேகரித்து, இது வெற்றிலை, இதை விடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். "வெத்தலக் கழிவுன்னு பேரு. கொடிக்கால் ஊருக்கு மட்டும் போட்டது. நான் சேருததுக்கு முந்தியே போட்டாச்சு."

"குரல எங்க சேத்தீங்க?"

"கோயில் கொடைல. கூட்டம் இருக்கும்லா. இந்த ஊருலயும் எடுத்திருக்கு."

"வெத்தலதான் போட்டிருக்கான்னு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து பாத்தாங்களா?"

அவன் கைக்கணினியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"எங்க ஊருல எடுத்தத எல்லாம் போடு," என்றேன்.

"அக்கா, அதெல்லாம் காட்டப்படாது."

"அப்ப செவி சுவருலயே இருக்கட்டும்."

போட்டான். பலருடைய குரல்கள். பின்னால் கொடையின் மேளம். காசி, கொடிக்கால் சுடலையாண்டி, ஒன்றிரண்டு பெண்கள். எல்லோரும் அண்ணாந்து அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். அதன்பின் ஒரு கிழவரின் குரல். தடித்து, இழுத்து, எச்சில் கோத்த குரல். நிளல் என்பதைச் சொல்ல முடியாமல் இரண்டு தடவை முயன்றார்.

"இது எங்கப்பால்லா," என்றாள் மதினி.

மாமனாருக்குப் புற்று தெரியவந்தது அந்தக் கொடைக்கு அடுத்த வருடம். கண்டுபிடித்தபோது வெகுநாளாக உள்ளே இருந்திருக்கிறது என்றார்கள்.

குரல் பதிவு அதோடு முடியவில்லை. யாரோ ஒரு பையன், "தாத்தாக்கு வாயில எதுவும் நோவா?" என்று விசாரித்தது கேட்டது. அதற்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், சிரிப்போடு, மேளத்தை மீறிச் சொன்னது:

"நோவு என்ன நோவு! அவ்வொ வெத்தல போட்டிருக்காவொ. நீரு அப்படியே எழுதிக்கிடும்."

ஜெபசிங்குக்கு யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். மதினிக்கும் தெரியும்.

"இன்னொரு தரம் போடு," என்றாள்.

போட்டான். இன்னொரு தரம் என்றாள். மூன்றாவது முறை தன் குரல் வருமுன்னே கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"இத எடுத்துட்டா சரியாயிருமா தம்பி?"

"ஒண்ண எடுத்தா மாறாதும்மா. ஆயிரக்கணக்குல இருக்கு. அதுல இன்னும் எத்தன இப்படி இருக்கோ," என்றான். சொல்லிவிட்டுத் தானே பயந்தவன்போலக் கணினியை மூடினான்.

புதிய செவியை மாட்டிவிட்டு அவன் போனான். மதினி போகவில்லை. சாமி படத்துக்குக் கீழே போய் நின்று, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணால் துழாவிய அந்தத் தட்டிலிருந்து, ஒருவரும் தொடாத கரண்டகத்தை எடுத்தாள். வெற்றிலை போடுகிறவன் வீட்டில் சுண்ணாம்பு ஈரமாக இருக்கும். தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார்கள். அது அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூடியைத் திருகினாள். வரவில்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். அப்போதும் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். உள்ளே ஒரே கட்டியாக எதுவோ இடித்தது.

"கல்லாயிட்டு," என்றாள்.

"ரெண்டு வருசமாச்சுல்லா மதினி."

அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஊரில் அதற்குப் பிறகு அவள் என்ன சொன்னாள், சொன்னாளா என்று நான் விசாரிக்கவில்லை. காலையில் பின்வாசல் வழியாக வருகிறாள். செவி முன்னால் நிற்பதில்லை. என் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுகிறாள். நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பிறகு நான் திறக்கிறேன், அவள் பார்க்கிறாள்.

புதிய செவியும் அண்ணாந்து பேசுகிறவர்களிடம் பழையது சொன்னதைத்தான் சொல்கிறது. கரண்டகம் தட்டில் இருக்கிறது. மூடி திறக்கவில்லை.